ஆறு அங்குலம்: வடசென்னைக் காலைக் குழு ஒன்றின் பிக்கிள்பால் நிகழ்வு ஆய்வு

பின்னணி

தண்டையார்பேட்டைக்கும் பழைய வண்ணாரப்பேட்டைக்கும் இடையில் தகரக் கூரை போட்ட ஒரு ஷட்டில் அரங்கில் எங்கள் குழு பிக்கிள்பால் ஆடுகிறது. பேடில் என்ற சின்ன மட்டையால், துளை போட்ட பிளாஸ்டிக் பந்தைத் தாழ்ந்த வலைக்கு மேல் அடிக்கும் ஆட்டம். பக்கத்துக்கு இருவராக ஆடுகிறோம். இரண்டு கோர்ட் உண்டு. காலை 5.45 முதல் 7.30 வரை வாடகைக்கு எடுத்திருக்கிறோம். அதற்கு மேல் தகரம் சூடேறிவிடும், நிற்க முடியாது. மொத்தம் 16 பேர். வாடகைக் கணக்கு பார்ப்பதும் பந்து வாங்குவதும் என் வேலை. ஆட்டத்தில் நான் நடுத்தரம்.

இதில் வரும் மூன்று பேரைக் குழுவில் எல்லாரும் கூப்பிடுகிற பட்டப்பெயராலேயே குறிப்பிடுகிறேன். ஷட்டில்காரர்: வயது நாற்பதைத் தாண்டியவர், கல்லூரிக் காலத்தில் நன்றாக ஷட்டில் ஆடியவர். டீச்சர்: ஐம்பதை நெருங்குபவர், இடதுகைக்காரர், இதற்கு முன்னால் எந்த விளையாட்டும் ஆடியதில்லை. ஹார்பர் சார்: துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மாலையில் கேரம் ஆடுபவர். இவர்களோடு காசிமேட்டிலிருந்து வரும் இரண்டு இளைஞர்கள். டென்னிஸ் பந்து கிரிக்கெட்டில் வளர்ந்தவர்கள், பேடிலையும் கிரிக்கெட் மட்டை மாதிரிதான் சுற்றுவார்கள். மூவரிடமும் பையன்களிடமும் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். அடையாளம் தெரியாமலிருக்க ஒன்றிரண்டு விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

தை மாதம் ஆரம்பித்தபோது எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. ஷட்டில் கோர்ட்டிலேயே ஆடிக்கொள்ளலாம் என்பது பெரிய வசதி. இரண்டு ஆட்டத்துக்கும் கோர்ட் அளவு ஒன்றுதான்: 44 அடி நீளம், 20 அடி அகலம். 1965ல் அமெரிக்காவின் பெயின்பிரிட்ஜ் தீவில் இந்த ஆட்டம் பிறந்ததே ஒரு ஷட்டில் கோர்ட்டில், வலையைத் தாழ்த்திக் கட்டித்தான். நாங்களும் ஷட்டில் வலையின் கயிற்றைக் கம்பத்தில் இறக்கிக் கட்டி, பேடிலும் பந்தும் வாங்கி ஆரம்பித்துவிட்டோம். அளவுநாடாவை யாரும் எடுக்கவில்லை. ஆறு மாதம் கழித்து அதற்கு விலை கொடுத்தோம்.

ஆனி மாதத்துக்குள் குழுவில் முணுமுணுப்பு வந்துவிட்டது. நன்றாக ஆடுகிற நாலு பேர் ஒரு கோர்ட்டை விட்டு இறங்குவதே இல்லை என்று ஒரு புகார். பையன்கள் ஆளைப் பார்த்து அடிக்கிறார்கள் என்று இன்னொன்று. ஷட்டில்காரர் ஆடும்போதே பார்ட்னருக்குப் பாடம் நடத்துகிறார் என்பது மூன்றாவது. நான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டேன். ஒன்றும் செய்யவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை

ஜூலையில் ஒரு ஞாயிறு, முதல் கோர்ட். ஒரு பக்கம் ஷட்டில்காரரும் டீச்சரும், எதிரே பையன்கள். ஸ்கோர் 9-9. டீச்சர் பக்கம் வலைக்கு அருகே பந்து கொஞ்சம் உயரமாக எழும்பியது. டீச்சர் பேடிலைத் தூக்கிவிட்டார். அதற்குள் ஷட்டில்காரர் குறுக்கே பாய்ந்து, தரையில் படுமுன்பே அதை அடித்து இறக்கினார். நல்ல அடி. பையன்கள் தொடக்கூட இல்லை.

"கிச்சன்! கால் உள்ள" என்றான் ஒருவன்.

கிச்சன் என்பது வலையை ஒட்டி இரண்டு பக்கமும் இருக்கும் ஏழடிப் பட்டை. அதற்குள்ளோ அதன் கோட்டின் மேலோ கால் இருக்கும்போது, தரையில் படாத பந்தை அடிக்கக் கூடாது. அடித்த வேகத்தில் பிறகு கால் உள்ளே போனாலும் தவறு தவறுதான்.

"எங்க உள்ள? கோட்டுக்கு வெளிய இருந்துச்சு" என்றார் ஷட்டில்காரர்.

சுவரோரம் காத்திருந்தவர்கள் ஆளுக்கொன்று கத்தினார்கள். அப்போது டீச்சர் மெல்லச் சொன்னார்: "கால் உள்ளதான் இருந்துச்சு சார்."

"நீங்க யாரு பக்கம் டீச்சர்?"

இதற்கு டீச்சர் பதில் சொல்லவில்லை. பேடிலை உறையில் போட்டு ஜிப்பை இழுத்தார். ஜிப் பாதியில் மாட்டிக்கொண்டது. அதை இழுத்து இழுத்துப் பார்த்தார், அந்த நேரம் முழுக்க அரங்கில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பிறகு அப்படியே பாதி திறந்த உறையோடு போய்விட்டார். மூன்று வாரம் வரவில்லை.

அதே வாரம் வியாழக்கிழமை ஹார்பர் சார் தலைக்கு மேல் போன ஒரு லாப் பந்தைப் பிடிக்கப் பின்பக்கமாகவே ஓடி, குதிகால் தடுக்கி விழுந்தார். கையை ஊன்றிவிட்டார். எலும்பு முறியவில்லை, ஆனால் மணிக்கட்டு வீங்கி இரண்டு வாரம் கட்டுப் போட வேண்டியிருந்தது.

முதலில் செய்த தவறு

ஞாயிறு இரவே வாட்ஸ்அப் குழுவில் 14 விதிகளைப் போட்டேன். "பார்ட்னர் பந்தைப் பறிக்காதீர்", "கேட்காமல் அறிவுரை சொல்லாதீர்", "வலுவில்லாதவரையே குறிவைக்காதீர்" என்று நீளும் பட்டியல். எழுதும்போது எனக்கு மிகவும் நியாயமாகப் பட்டது.

விளைவு மோசம். ஷட்டில்காரர் முதல் இரண்டு விதியும் தன்னைப் பற்றியது என்று எடுத்துக்கொண்டார், உண்மையும் அதுதான். பையன்கள் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். "வலுவில்லாதவர்" என்ற சொல்லைப் பார்த்து இரண்டு பேர் குழுவை விட்டே விலகினார்கள், அதில் ஒருவர் என் மைத்துனர். ஒரு ஆளிடம் தேநீர்க் கடையில் நின்று சொல்ல வேண்டியதை 16 பேருக்கு நடுவில் சொன்னேன். கோபத்தில் இருந்தவனுக்கு அப்போது இது தோன்றவில்லை.

அளந்து பார்த்தது

மறுவாரம் ஹார்பர் சார் கையில் கட்டோடு வந்தார். ஆட முடியாது, வீட்டில் உட்காரவும் முடியவில்லை. "அந்தப் பையன் கால் உள்ள இருந்துச்சா இல்லையான்னு ஒரு தடவை பாத்துரலாம்பா" என்று வேட்டி மடிப்பிலிருந்து இரும்பு அளவுநாடாவை எடுத்தார். ஷட்டில்காரரைத்தான் அவர் பையன் என்கிறார். நாடாவின் முனையை நல்ல கையால் வலைக்கு நேர் கீழே தரையில் அமுக்கிக்கொண்டார். நான் இழுத்துக்கொண்டு நடந்தேன்.

ஷட்டில் கோர்ட்டின் முன் கோடு, அந்த வெள்ளைக் கோடு, ஆறரை அடியில் இருந்தது. ஷட்டிலில் அதுதான் சரியான அளவு. பிக்கிள்பாலின் கிச்சன் கோடு ஏழு அடியில் இருக்க வேண்டும். முதல் கோர்ட்டில் மட்டும் யாரோ எப்போதோ ஏழடியில் மஞ்சள் டேப் ஒட்டியிருந்தார்கள். பாதி உரிந்து, தரையோடு தரையாக அழுக்கேறிக் கிடந்தது. இரண்டாவது கோர்ட்டில் டேப்பே இல்லை.

ஷட்டில்காரர் இருபது வருடமாகப் பார்த்து ஆடியது வெள்ளைக் கோடு. இரண்டாவது கோர்ட்டிலேயே அதிகம் ஆடுவதால் அதுதான் கிச்சன் என்று அவர் உண்மையாகவே நம்பியிருந்தார். டீச்சருக்கு ஷட்டில் தெரியாது. முதல் நாளில் நாங்கள் காட்டிய மஞ்சள் டேப்தான் அவருக்குக் கோடு. அந்த ஞாயிற்றுக்கிழமை கால் விழுந்தது இரண்டுக்கும் நடுவில். விதிப்படி கால் உள்ளேதான். ஆனால் இரண்டு பேரும் பார்த்ததைத்தான் சொன்னார்கள்.

அப்புறம் வலை. பிக்கிள்பால் வலை ஓரத்தில் 36 அங்குலம், நடுவில் 34 இருக்க வேண்டும். எங்களுடையது ஓரத்தில் 36, நடுவில் 31 வரை தொய்ந்திருந்தது. ஷட்டில் வலையின் அகலமே இரண்டரை அடிதான் என்பதால் ஓரத்தில் கீழே அரையடி இடைவெளி. பந்து மேலே போனதா, கீழே புகுந்ததா என்று எத்தனை முறை வாதாடியிருப்போம் என்று அங்கேயே நின்று எண்ணிச் சிரித்தோம். தொய்ந்த வலைக்கு இன்னொரு விளைவும் உண்டு. நடுவில் தாழ்வாகவும் வேகமாகவும் அடிக்கிறவனுக்கு அது மூன்று அங்குலப் பரிசு. பையன்களின் அடி எல்லாம் அந்தப் பள்ளத்தின் வழியாகத்தான் வந்துகொண்டிருந்தது.

பந்தும் தப்பு. வெளியில் ஆடுவதற்கான 40 துளைப் பந்தை வாங்கியிருந்தேன். கனமும் கடினமும் கூடிய பந்து, வழுவழுப்பான உள்ளரங்குத் தரையில் வழுக்கிக்கொண்டு பாயும். உள்ளரங்குக்கு 26 பெரிய துளைகள் உள்ள பந்துதான் வழக்கம். கொஞ்சம் மென்மையானது, ராலி (சர்விலிருந்து பந்து நிற்கும்வரை மாறி மாறி அடிப்பது) நீளும். வாங்கியவன் நான் என்பதால் இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை.

நோட்டில் எழுதியது

கோடும் வலையும் சரியாகிவிட்டால் சண்டை நின்றுவிடும் என்று ஹார்பர் சார் சொன்னார். எனக்குச் சந்தேகம். இன்னும் ஆறு நாள் இருவரும் சுவரோரம் உட்கார்ந்து, ஒவ்வொரு ராலியும் எப்படி முடிந்தது என்று நோட்டில் குறித்தோம். ஒரு காலையில் 50 ராலி எழுதினோம். அதில் எதிராளி நிஜமாகவே நன்றாக அடித்து வென்றது ஏழு. மற்றதெல்லாம் நாமே வலையில் போட்டது, வெளியே தள்ளியது, நடுவில் வந்த பந்தை "நீ எடுப்பாய்" என்று இருவரும் விட்டது. வெல்வதற்காக அடித்துத் தோற்றுக்கொண்டிருந்தோம்.

அதைவிட முக்கியமான ஒன்று நிற்கும் இடத்தில் தெரிந்தது. எங்களில் முக்கால்வாசிப் பேர் ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால் என்று நின்றோம். முன்னால் நிற்பவருக்கும் பின்னால் நிற்பவருக்கும் இடையே சாய்வாக ஒரு பெரிய ஓட்டை. எதிரே நிற்பவர் அதில் போட்டால் யாராவது ஒருவர் குறுக்கே ஓடித்தான் ஆக வேண்டும். ஓடுகிறவர் பறிக்கிறவராகத் தெரிகிறார். நிற்கிறவர் சோம்பேறியாகத் தெரிகிறார்.

இதை வைத்துக்கொண்டு ஷட்டில்காரரிடம் பேசப் போனேன். முதலில் அந்த 14 விதிக்கு மன்னிப்புக் கேட்டேன். தேநீர் பாதி காலியாகும் வரை அவர் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "அண்ணே, ஷட்டில் டபுள்ஸ்ல அட்டாக் பண்ணும்போது ஒருத்தன் முன்னாடி, ஒருத்தன் பின்னாடிதான். பின்னாடி நிக்கிறவன் முழு அகலமும் பாத்துக்கணும். சின்ன வயசுல எங்க கோச் குச்சியால அடிச்சுச் சொல்லிக்கொடுத்தது அது. நான் டீச்சர் பந்தை எடுக்கணும்னு எடுக்கல. என் ஏரியான்னுதான் எடுத்தேன்."

அந்த ஒரு பேச்சில் எனக்குப் பாதி விஷயம் விளங்கிவிட்டது. குணக்கேடு என்று நாங்கள் பெயர் வைத்திருந்தது பெரும்பாலும் வேறொரு ஆட்டத்தின் நல்ல பழக்கம். பாதி என்றுதான் சொல்கிறேன். "யாரு பக்கம் டீச்சர்" என்று கேட்டதை எந்தக் கோச்சும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார். அதையும் அவரிடம் சொன்னேன். தலையை ஆட்டினார்.

எடுத்த முடிவுகள்

அரங்கு உரிமையாளரிடம் அனுமதி வாங்கி இரண்டு கோர்ட்டிலும் ஏழடியில் புது மஞ்சள் டேப் ஒட்டினோம். நடுவில் வலையைத் தூக்கிப் பிடிக்க 34 அங்குலத்துக்கு வெட்டிய பிவிசி குழாய் ஒன்றை முட்டுக் கொடுத்தோம். பந்தை மாற்றினோம். இவற்றுக்கு யாரும் மறுப்புச் சொல்லவில்லை. டேப்பிடம் யாருக்கும் மானப் பிரச்சினை இல்லையே.

நிற்கும் இடம்தான் கடினம். முடிவு சொல்ல எளிது: இருவரும் பக்கத்தில் பக்கமாக, ஒரே கயிற்றில் கட்டியதுபோல் நகர வேண்டும், முடிந்தவரை இருவரும் கிச்சன் கோட்டுக்கு வந்துவிட வேண்டும். ரிட்டர்ன் அடிக்கிற, அதாவது சர்வைத் திருப்பி அடிக்கிற, பக்கத்துக்கு இதில் சிரமம் இல்லை. ஒருவர் ஏற்கெனவே முன்னால் நிற்கிறார், மற்றவர் ரிட்டர்னை ஆழமாகப் போட்டுவிட்டு முன்னே வந்தால் போதும். சர்வ் போடுகிற பக்கத்துக்குத்தான் சிக்கல். சர்வும் ஒரு முறை தரையில் பட வேண்டும், ரிட்டர்னும் ஒரு முறை தரையில் பட வேண்டும் என்பது விதி. அதனால் சர்வ் போட்டவுடன் ஓடி வர முடியாது, பின்னாலேயே நின்றாக வேண்டும். அங்கிருந்து முன்னே வர ஒரு பாலம் தேவை. சர்வுக்கும் ரிட்டர்னுக்கும் அடுத்து நாம் அடிக்கிற மூன்றாவது அடிதான் அது. அதை ஓங்கி அடிக்காமல், எதிராளியின் கிச்சனுக்குள் மெதுவாக இறங்குகிறமாதிரி போட்டால் அவர் கீழிருந்து மேலே தூக்கித்தான் அடிக்க முடியும். அந்த நேரத்தில் நாம் முன்னே வந்துவிடலாம். ஒரே ஓட்டமாக வரத் தேவையில்லை. இரண்டு மூன்று எட்டு வைத்து, எதிராளி அடிக்கப்போகும் கணத்தில் இரண்டு காலும் ஊன்றி நின்று, மறுபடி வரலாம்.

நடுவில் வரும் பந்து யாருக்கு என்பதற்கு முதலில் "ஃபோர்ஹேண்ட் யாருக்கோ அவருக்கு" என்று வைத்தோம். பேடில் பிடித்த கையின் பக்கத்தில் அடிப்பது ஃபோர்ஹேண்ட், அதற்கு எதிர்ப்பக்கத்தில் அடிப்பது பேக்ஹேண்ட். இரண்டு வலதுகைக்காரர்கள் ஆடும்போது அது சரி, இடது பக்கம் நிற்பவர் எடுப்பார். டீச்சர் இடதுகை என்பது அப்போதுதான் உறைத்தது. ஷட்டில்காரரோடு அவர் ஆடும்போது ஒரு வரிசையில் இருவரின் ஃபோர்ஹேண்டும் நடுவில் வரும், பக்கம் மாறினால் இருவரின் பேக்ஹேண்டும் நடுவில் வரும். நோட்டைப் புரட்டிப் பார்த்தால், அவர்கள் நடுவில் விட்டதெல்லாம் பெரும்பாலும் இரண்டாவது நிலையில்தான். சர்வுக்குப் பிறகு பக்கம் மாற்றிக்கொண்டு எப்போதும் ஃபோர்ஹேண்டை நடுவில் வைத்துக்கொள்ளும் ஸ்டாக்கிங் முறையை இரண்டு நாள் முயன்றோம். யார் சர்வ், யார் எங்கே நிற்பது என்று குழம்பி, சர்வ் போடுமுன்பே தகராறு. விட்டுவிட்டோம். கடைசியில் வைத்தது இது: பந்து எதிரே யாரிடம் இருக்கிறதோ, அவருக்குக் குறுக்கே நிற்பவர் நடுவை எடுக்க வேண்டும், நேரே நிற்பவர் ஓரத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். எந்தக் கைக்காரருக்கும் இது பொருந்துகிறது.

பேச்சு பற்றி. ஆட்டத்துக்கு நடுவில் அறிவுரை கிடையாது. கேட்டால் மட்டும், ஆட்டம் முடிந்தபின். "ஜெயிக்கணும்னா சொல்லாம எப்படிண்ணே?" என்று ஷட்டில்காரர் கேட்டதும் நியாயம்தான். அதனால் ராலிக்குள் நாலு சொல்லை அனுமதித்தோம்: "நான்", "உங்க", "மாத்து", "விடு". இதில் "விடு" என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். வெளியே போகப்போகும் பந்தைப் பார்த்து முன்பெல்லாம் "அவுட்" என்று கத்துவோம். பந்து தரையில் படுமுன் சொன்னால் அது பார்ட்னரிடம் பேசுவதாகத்தான் கணக்கு, பட்டபின் சொன்னால்தான் அது லைன் கால், அதாவது பந்து உள்ளேயா வெளியேயா என்ற தீர்ப்பு. ஒரே சொல் இரண்டுக்கும் இருந்ததால், பந்து கோட்டுக்குள் விழுந்த பிறகும் எதிரணி "நீதான் அவுட்னு சொன்னியே" என்று ஆட்டத்தை நிறுத்திவிடும். காற்றில் இருக்கும்போது "விடு", தரையில் பட்டபின் "அவுட்" என்று பிரித்ததும் அந்த வகைச் சண்டை அடங்கிவிட்டது.

லைன் காலுக்குப் புது விதி எதுவும் தேவைப்படவில்லை, இருக்கிற விதியைப் படித்தாலே போதுமாயிருந்தது. தன் பக்கத்தில் விழும் பந்துக்குத்தான் தானே சொல்ல வேண்டும். சந்தேகம் வந்தால் பந்து உள்ளே. பார்ட்னர்கள் இருவரும் வேறு வேறாகச் சொன்னாலும் உள்ளே. பார்வையாளரைக் கேட்கக் கூடாது. சுவரோரக் கூட்டத்தின் வாயை அடைத்தது இந்தக் கடைசி வரிதான். எதிரணியின் கிச்சன் தவறை நாமும் சொல்லலாம், அவர்கள் ஒத்துக்கொள்ளாவிட்டால் அந்தப் புள்ளியை மறுபடி ஆட வேண்டும். அந்த ஞாயிறன்று இதை ஒருவர் அறிந்திருந்தாலும் விஷயம் அரை நிமிடத்தில் முடிந்திருக்கும்.

ஸ்கோரை மூன்று எண்ணாகச் சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் சர்வ். "நாலு, ரெண்டு, ஒண்ணு": நம் புள்ளி, அவர்கள் புள்ளி, முதல் சர்வரா இரண்டாவது சர்வரா என்பது. பக்கத்துக் கோர்ட் பந்து உருண்டு வந்தால் யாராக இருந்தாலும் "பந்து!" என்று கத்தி ஆட்டத்தை நிறுத்தலாம். காத்திருப்பவர்கள் பேடிலைச் சுவரோரம் வரிசையாக வைக்க வேண்டும். ஆறு பேருக்கு மேல் காத்திருந்தால் ஆட்டம் முடிந்ததும் நாலு பேரும் இறங்க வேண்டும். அதற்குக் கீழே என்றால் வென்றவர்கள் இருக்கலாம், ஆனால் பிரிந்து ஆளுக்கொரு பக்கம்.

ஆளைக் குறிவைப்பது குறித்துப் பையன்களிடம் தனியாகப் பேசினோம். பந்து ஆள் மேல் பட்டால் பட்டவருக்குத்தான் தவறு என்ற விதியை அவர்கள் சரியாகவே பிடித்துவைத்திருந்தார்கள். தடை போடவில்லை. எழும்பிய பந்தை அடிப்பதானால் காலடியில் அடியுங்கள், கழுத்துக்கு மேல் வேண்டாம் என்றோம். காலடிப் பந்தைத் திருப்புவது உடம்புக்கு வரும் பந்தைத் திருப்புவதைவிடக் கடினம் என்று அவர்களுக்கே இரண்டு நாளில் தெரிந்துவிட்டது.

லாப் பந்துக்கு: யாரும் பின்பக்கமாக ஓடக் கூடாது. உடம்பைத் திருப்பிக்கொண்டு ஓடு, முடியாவிட்டால் விட்டுவிடு.

பயிற்சி

ஒவ்வொரு நாளும் முதல் 15 நிமிடம் ஸ்கோர் இல்லாமல் டிங்க் ஆடுவது என்று வைத்தோம். கிச்சன் கோட்டில் நின்று எதிராளியின் கிச்சனுக்குள் மெதுவாகப் போடுவது. பையன்களுக்கு இது பேஜாராக இருந்தது. "இன்னாண்ணா, கொழந்தை ஆட்டம்."

ஹார்பர் சார் கட்டை அவிழ்த்த முதல் நாள், இடது கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு வலது கையால் டிங்க் ஆட வந்தார். பேடிலை அவர் பிடித்த விதத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். பிடி தளர்ந்து இருந்தது, யாராவது இழுத்தால் கையோடு வந்துவிடும் போல. மணிக்கட்டு அசையவே இல்லை. தோளிலிருந்து ஒரு சின்னத் தள்ளல், முழங்கால் கொஞ்சம் மடிந்து நிமிர்கிறது, பந்து வலையை ஒரு சாண் தாண்டி எதிரே செத்து விழுகிறது. இருபது முறை, ஒரே இடத்தில். ஷட்டில்காரரும் நின்று பார்த்தார். அவருடைய சிக்கலே மணிக்கட்டுதான். ஷட்டில்காக் காற்றில் சட்டென்று வேகம் குறையும், அதை மணிக்கட்டால் சுண்டியே ஆக வேண்டும். இந்தப் பந்து அப்படிக் குறையாது, சுண்டினால் எழும்பிவிடும்.

"குழி ஓரத்துல நிக்கிற காய நெட்டித் தள்ளுவியா? தொட்டு அனுப்புவ இல்ல? அவ்ளோதான்பா" என்றார் ஹார்பர் சார். கேரம் பேச்சு. இந்தப் பக்கத்தில் அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. 2024ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகப் போட்டியில் மூன்று தங்கம் வென்ற காசிமா புது வண்ணாரப்பேட்டைப் பெண்; தெருவுக்குத் தெரு கேரம் பலகை உள்ள ஊர் இது. பையன்களும் கேரம் ஆடியவர்கள்தான். விரலில் இருந்த பழக்கம் தோளுக்கு வர ஒரு மாதம் ஆயிற்று.

டிங்கைக் குறுக்காகப் போடச் சொன்னதற்கும் காரணம் உண்டு. குறுக்கே போனால் வலை தாழ்ந்த நடுப்பகுதியைத் தாண்டுகிறது, தூரமும் அதிகம் கிடைக்கிறது. தப்புக்கு இடம் கூடுதல்.

பின் நடந்தது

நானும் ஹார்பர் சாரும் டீச்சர் வீட்டுக்குப் போனோம். அளவுநாடா கதையைச் சொன்னபோது, "அப்ப ரெண்டு பேரும் சரியா?" என்று கேட்டார். "விதிப்படி நீங்கதான் சரி" என்றேன். மறுவாரம் வந்தார். ஷட்டில்காரர் எல்லார் முன்னாலும் ஒன்றும் சொல்லவில்லை. பேடில் வரிசையில் அவர் பேடிலுக்குப் பக்கத்தில் தன்னுடையதை வைத்தார். முதல் ஆட்டம் இருவரும் சேர்ந்து ஆடித் தோற்றார்கள், 11-5. ஷட்டில்காரர் மூன்று முறை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன்.

செப்டம்பருக்குள் ராலிகள் நீண்டன. மறுபடி ஒரு காலை 50 ராலி எழுதினோம். நடுவில் விட்டது ஒன்றே ஒன்று. வலையில் போட்டது மட்டும் அவ்வளவாகக் குறையவில்லை. மெதுவாகப் போடக் கற்கும் காலத்தில் அது கூடத்தான் செய்யும். பையன்களில் ஒருவன் மூன்றாவது அடியை இப்போது எங்கள் எல்லாரையும்விட நன்றாகப் போடுகிறான். இன்னொருவனுக்கு மெதுவான ஆட்டம் பிடிக்கவில்லை, வேறு இடத்துக்குப் போய்விட்டான். அதில் தவறொன்றும் இல்லை. விலகிய இருவரில் என் மைத்துனர் திரும்பினார், மற்றவர் வரவில்லை.

சோதனை கார்த்திகை மழையில் வந்தது. தகரம் ஒழுகி இரண்டாவது கோர்ட் பத்து நாள் ஈரம். ஒரே கோர்ட்டுக்கு 13, 14 பேர். முன்பானால் அடிதடியே நடந்திருக்கும். பேடில் வரிசை தாங்கியது, ஆனால் ஆளுக்கு ஒரு காலையில் இரண்டே ஆட்டம் என்பதால் சிலர் வருவதை நிறுத்தினார்கள். ஒரு நாள் ஈரம் காயாத மூலையில் பந்தை எடுக்கப் போன ஒருவர் சறுக்கினார், விழவில்லை. அன்றே அந்தக் கோர்ட்டைக் கயிறு கட்டி அடைத்தோம். முதல் நாளே கட்டியிருக்க வேண்டும்.

அறிவுரை முழுதாக நிற்கவில்லை. ஷட்டில்காரர் இப்போது வாயால் சொல்வதில்லை. பார்ட்னர் பேடிலைத் தாழ்த்தினால் தன் பேடிலை நெஞ்சுக்கு நேரே உயர்த்திக் காட்டுகிறார். இது விதிமீறலா என்று டீச்சர் என்னிடம் கேட்டார். எனக்கு இன்னும் பதில் இல்லை.

இப்போது செய்வதானால்

முதல் நாளே அளந்திருப்பேன். கோடு, வலை, பந்து மூன்றும் சேர்ந்து ஒரு மணி நேர வேலை.

அந்த 14 விதியைப் போட்டிருக்க மாட்டேன். முணுமுணுப்பு வந்த ஆனி மாதத்திலேயே ஷட்டில்காரரோடு ஒரு தேநீர் குடித்திருந்தால், முன்னால் ஒருவர் பின்னால் ஒருவர் என்ற விஷயம் அப்போதே தெரிந்திருக்கும். டீச்சர் மூன்று வாரம் வராமலிருந்ததில் என் பங்கும் இருக்கிறது. வராத முதல் வாரமே போய்ப் பார்க்காமல் "தானாக வருவார்" என்று இருந்துவிட்டேன்.

ஸ்டாக்கிங்கை ஆட்ட நேரத்தில் முயன்றது தவறு. அதற்கு ஒரு காலையைத் தனியாக ஒதுக்கி, ஸ்கோர் இல்லாமல் நடந்து பார்த்திருக்க வேண்டும். டீச்சர் மறுபடி முயலலாம் என்கிறார்.

லாப் விஷயத்தில் நான் எடுத்த முடிவு போதாது. "திரும்பி ஓடு, இல்லையேல் விடு" என்பது இளையவர்களுக்குச் சரி. ஹார்பர் சார் திரும்பி ஓடினாலும் எட்டாது, விட்டால் ஒவ்வொரு லாப்பும் ஒரு புள்ளி. எதிரணி அதைப் புரிந்துகொண்டு அவர் தலைக்கு மேலேயே போடுகிறது. அவர் பார்ட்னர் "மாத்து" என்று சொல்லிக் குறுக்கே பின்னால் ஓடி எடுக்க, ஹார்பர் சார் பக்கம் மாறுவது என்று இப்போது பழகுகிறோம். அவரோடு ஆட ஷட்டில்காரர் பேடிலை வரிசையில் இரண்டு இடம் பின்னால் தள்ளி வைப்பதை நேற்றுக் கவனித்தேன். வரிசை விதிப்படி அது கூடாது. பார்க்காததுபோல் இருந்துவிட்டேன்.